டிரெய்லர் அச்சு: பற்ற வைப்பதா, மாற்றுவதா?

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் விழுப்புரம், கடலூர் பகுதிச் சாலையோரங்களில் ஒரு சக்கரம் சாய்ந்து நிற்கும் டிராக்டர் டிரெய்லர்களைக் காணலாம். ஏற்றிய கரும்பு வெயிலில் காய்கிறது. நாளாக ஆக எடையும் சர்க்கரைச் சத்தும் குறைகின்றன. அந்த அவசரத்தில், "வெல்டிங் வைத்தால் இந்தப் பருவம் ஓடிவிடும்" என்று பட்டறையில் சொல்வதை விவசாயி நம்பிவிடுகிறார். பற்ற வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அச்சு மறுபடியும் ஒடியக்கூடும். பாரத்தோடு சாலையில் ஒடிந்தால் எதிரில் வருபவர் உயிருக்கும் ஆபத்து.

வெல்டிங்கின் சூடு பட்ட இரும்பை, சுற்றியுள்ள கனத்த பகுதி சட்டென்று குளிர்வித்துவிடுகிறது. அதனால் அந்த இடம் கடினமாகி, வளைந்து கொடுக்காமல் முறியும் தன்மையை அடைகிறது. ஆகவே, பேரிங் ஏறும் முனையில் விரிசல் கண்டால் பற்ற வைக்கவே கூடாது. அச்சை மாற்ற வேண்டும். வளைந்த அச்சைச் சிவக்கக் காய்ச்சி அடித்து நிமிர்த்துவதும் அதன் வலுவைக் குறைக்கும்.

ஒடியும் முன்பே அடையாளம் தெரியும். அதிக பாரத்தால் அச்சு வளைந்தால் சக்கரங்களின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும். டயரின் உள்விளிம்பு தேயும். ஒரு நடை போய் வந்ததும் இரு ஹப்புகளிலும் புறங்கையை வைத்துப் பார்க்கலாம். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அதன் பேரிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சேற்று வயலில் இறங்கும் டிரெய்லரில் தேய்ந்த சீல் வழியே நீர் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். பேரிங் இறுகி, அச்சு முனையையும் அரித்துவிடும்.

மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பழைய பட்டறை முறை ஒன்று உண்டு, செலவும் இல்லை. வெற்று டிரெய்லரின் மறு சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் மரக்கட்டைகளும் முட்டுக் கொடுத்து, ஹப்பைக் கழற்ற வேண்டும். முனையைச் சுத்தமாகத் துடைத்து மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட வேண்டும். பிறகு உலரத் துடைத்துச் சாக்கட்டிப் பொடியைத் தூவினால், விரிசலில் இறங்கிய எண்ணெய் கசிந்து ஈரக்கோடாகத் தெரியும். முனை தடித்து அச்சோடு சேரும் மூலையில்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

புது அச்சு வாங்கப் போகும்போது பழையதையே எடுத்துச் செல்வது நல்லது. முடியாவிட்டால் இரு ஹப்புகளுக்கும் இடையிலான நீளம், வில்பட்டைகள் அமரும் இடங்களின் இடைவெளி, அச்சின் கனம், சக்கர போல்ட்டுகளின் எண்ணிக்கை, பேரிங்கில் பொறித்த எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எத்தனை டன் தாங்கும் என்பதையும் கேட்க வேண்டும். காயலான் கடை அச்சு மலிவுதான்; ஆனால் அது சுமந்த பாரம் யாருக்கும் தெரியாது.

பொருத்தும்போது, இழுவைக் கொக்கியின் வளையத்திலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் தூரம் சமமாக இருக்க வேண்டும். இல்லையேல் டிரெய்லர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே வரும். சக்கரத்தைச் சுழற்றியபடி பேரிங் நட்டைச் சிறிது இறுகும்வரை முறுக்கி, பிறகு ஆட்டமின்றித் தாராளமாகச் சுழலும் அளவுக்குத் தளர்த்திப் புதிய பின் செருக வேண்டும். யூ போல்ட்டுகளும் புதியனவாக இருக்கட்டும். முதல் நடை பாரம் இறக்கியதும் அவற்றின் நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். பாகங்கள் அமர்ந்து கொடுப்பதால் சற்றுத் தளர்ந்திருக்கும்.