முற்றத்துச் சிறகுகள் – 9: ஒட்டடையில் தொங்கும் வீடு

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைப்பதைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். ‘அப்படியே தேன்சிட்டுக்கும் ஒரு பெட்டி சொல்லுங்களேன்’ என்று வாசகர்கள் சிலர் கேட்கிறார்கள். தேன்சிட்டுக்குப் பெட்டி வேண்டாம். அது பொந்தில் குடியேறும் பறவை இல்லை. அதற்கு வேண்டியவை ஒட்டடை, நார், உதிர்ந்த மரப்பட்டை, எருக்கம்பஞ்சு, புழு. நாம் வாரந்தோறும் பெருக்கித் தள்ளுகிற, மருந்தடித்துக் கொல்கிற பொருட்கள்தான் எல்லாம்.

தமிழ்நாட்டு வீடுகளை ஒட்டி நாம் அதிகம் பார்ப்பது ஊதாப்பிட்டத் தேன்சிட்டை. எடை பத்து கிராமுக்கும் குறைவு. ஆணுக்கு மஞ்சள் வயிறு, வெயில் பட்டால் உச்சந்தலையில் மின்னும் பச்சை. பெண் சாதாரணச் சாம்பல் பழுப்பு. ஆனால் கூடு கட்டும் வேலை முழுவதும் அந்தப் பெண்ணுடையது. ஆண் கூடவே பறந்து வரும், பக்கத்துக் கொப்பில் உட்கார்ந்து கீச்சிடும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் இடையிலான மூலையில் ஒட்டடை அடிப்பதில்லை. பெண் சிட்டு அந்த வலையின் முன் அந்தரத்தில் சிறகடித்து நின்று, அலகால் இழையைக் கவ்வி, தலையைப் பின்னுக்கு இழுத்துப் பிய்க்கும். அதைச் செம்பருத்திக் கிளையின் நுனிக்குக் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றி ஒட்டும். பிறகு ஒரு நார், மறுபடி இழை, மறுபடி நார். முதல் சில நாட்கள் கிளையில் ஏதோ குப்பை சிக்கியிருப்பதாகத்தான் தெரியும். எத்தனையோ கூடுகள் துடைப்பத்துக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

நார்க்கொத்து நீண்டு தொங்கியதும் சிட்டு அதற்குள் நுழைந்துவிடும். உள்ளே இருந்தபடி மார்பால் அழுத்தி, திரும்பித் திரும்பி அழுத்தி, குஞ்சுக்கு இடம் உண்டாக்கும். மேல்பாதியில் பக்கவாட்டு வாசல். அதற்கு மேலே மழை உள்ளே இறங்காமல் ஒரு சிறு தாழ்வாரம். உள்ளே மெத்தென்று எருக்கம்பஞ்சு. வெளிப்புறத்தில் பட்டைத் துணுக்குகளையும் மரப்பாசியையும் புழுக்களின் எச்சத்தையும்கூட ஒட்டி வைக்கும். முடிந்த கூட்டைப் பார்த்தால் கூடு என்றே தோன்றாது. அதுதான் அதற்குக் காவல். சிலந்தி இழைக்கு இழுவை உண்டு என்பதால் காற்று ஆட்டினாலும் குஞ்சுகள் கனத்தாலும் கூடு அறுந்து விழுவதில்லை.

தையல்சிட்டுக்கும் ஒட்டடை வேண்டும். அகலமான இலையின் இரு ஓரங்களையும், சில சமயம் இரண்டு மூன்று இலைகளையும், சேர்த்து மடக்கி அலகால் துளையிடும். அதன் வழியே பஞ்சையோ சிலந்தி இழையையோ நுழைத்து இழுக்கும். வெளியே வந்த நுனி பிசிறி விரிந்துகொள்வதால் தையல் நழுவாது. இலை காம்பிலிருந்து அறுபடாததால் பச்சையாகவே இருக்கிறது. கூடும் மற்ற இலைகளுக்கு நடுவே மறைந்துவிடுகிறது. நந்தியாவட்டையையோ எலுமிச்சையையோ கத்தரிக்கும் முன் இலைகளுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

தேன்சிட்டு பொதுவாக இரண்டு முட்டையிடும். பதினான்கு முதல் பதினாறு நாட்களில் குஞ்சு பொரிக்கும். தாயும் தகப்பனும் தேன் குடித்து வாழ்கிற பறவைகள்தான். ஆனால் வெறும் தேனில் குஞ்சு வளராது. சதை பிடிக்கவும் இறகு முளைக்கவும் சிலந்தி, சிறு பூச்சி, புழு வேண்டும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்றும் கறிவேப்பிலையில் பச்சைப்புழு என்றும் நாம் தெளிக்கிற மருந்து, குஞ்சின் வாயிலிருந்து நேராகச் சோற்றைப் பறிக்கிறது. கறிவேப்பிலை மறுபடி தழைத்துவிடும். பூ வைக்கத் தெரிந்த நாம் நான்கு புழுக்களையும் பொறுத்துக்கொள்ளக் கற்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

சிறு பறவைகள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. இரை வாங்கிய குஞ்சு உடனே திரும்பிப் பின்புறத்தை உயர்த்தும். வெள்ளைச் சவ்வுப் பைக்குள் அடங்கிய எச்சம் வெளிவரும். தாய் அதை அலகில் எடுத்துக்கொண்டு தூரத்தில் போய்ப் போடும். கூட்டின் கீழே வெள்ளைத் திட்டு விழுந்தால் காக்கைக்கும் பூனைக்கும் இடம் தெரிந்துவிடும்.

நாமும் சில சமயம் அப்படிக் காட்டிக்கொடுத்துவிடுகிறோம். கைப்பேசியோடு கிளையைப் பிடித்து வளைத்துப் படமெடுக்கிறோம். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். மறைத்திருந்த இலை விலகிய கூட்டைக் காக்கையும் செம்போத்தும் விடாது. ஜன்னலுக்கு உள்ளே நின்று பாருங்கள். தாய் அலகில் இரையை வைத்துக்கொண்டு கொடிக்கம்பியில் தத்தித் தத்தி உட்கார்ந்து, கூட்டுக்குப் போகாமல் இருந்தால், நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். பின்வாங்கிவிடுங்கள்.

சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020-இல் தெருவிளக்குப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. சுவிட்சைப் போட யாரும் பெட்டியைத் தொடவில்லை. குஞ்சுகள் பறந்து போகும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக, ஊர்த் தெருக்கள் இருட்டிலேயே இருந்தன. ஒரு ஊரே இருட்டைப் பொறுத்துக்கொண்டது. நம்மிடம் கேட்பது ஒரு கிளையை வெட்டாமல் ஒரு மாதம் தள்ளிப்போடுவது மட்டும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைப்பதை வேட்டையாகவே கருதுகிறது என்பதையும் வீட்டில் மரம் வெட்ட வருபவர்களிடம் சொல்லி வையுங்கள்.

பொரித்துப் பதினேழு நாள் வாக்கில் தேன்சிட்டுக் குஞ்சுகள் வெளியேறும். அன்று செடிக்கடியில் வாலில்லாத, வாயோரம் மஞ்சளான ஒரு குஞ்சு உட்கார்ந்திருக்கலாம். இறகு முளைத்திருந்தால் அது விழுந்த குஞ்சு இல்லை, பறக்கப் பழகும் குஞ்சு. அட்டைப்பெட்டியில் போட்டுத் தண்ணீர் புகட்ட வேண்டாம். பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிடுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டுக்குள்ளேயே வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். வெளியே வந்த பிறகும் ஆண் சிட்டு சில நாட்கள் இரை கொண்டுவந்து ஊட்டும். அந்த நாட்களில் வீட்டுப் பூனையைப் பகலில் உள்ளேயே அடைத்து வையுங்கள். காலியான கூட்டையும் அறுத்துவிடாதீர்கள். பழைய கூட்டில் மறுபடி முட்டையிடுவதும் உண்டு.

அடுத்த வாரம்: காக்கைக் கூட்டில் குயில் முட்டை.

(தொடரும்)