திறமூலப் பயன்பாட்டு வழங்கியின் புதிய பதிப்பை அறிவித்தல்: மூலமும் உரையும்

ஆய்வுச்சுருக்கம்

திறமூல மென்பொருளின் புதிய பதிப்போடு வெளிவரும் அறிவிப்பு பெரும்பாலும் விளம்பரமாகவே எண்ணப்படுகிறது. அப்பாச்சி டாம்கேட் வழங்கியின் அண்மைக்கால அறிவிப்புகளையும், இலங்கையில் உருவான டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் நடைமுறையையும் சான்றாகக் கொண்டு, அவ்வறிவிப்பு பதிப்பின் ஓர் உறுப்பே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஆய்வேட்டுக் களஞ்சியங்களின் பாதுகாப்புக்கும் அறிவிப்பை வாசிப்பதற்கும் உள்ள தொடர்பும், அதைத் தமிழில் எழுதும்போது எழும் சொற்சிக்கல்களும் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திறமூலம், பயன்பாட்டு வழங்கி, பதிப்பு, வெளியீட்டு அறிவிப்பு, டாம்கேட், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளுக்குப் பின்னர் முனைவர்பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் அளிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியம் அவ்வேடுகளைத் திரட்டி வைத்துள்ளது. அக்களஞ்சியம் டிஸ்பேஸ் என்னும் திறமூல மென்பொருளைக் கொண்டு அமைக்கப்பட்டது. எம்ஐடி நூலகமும் எச்பி நிறுவனமும் இணைந்து 2002இல் வெளியிட்ட இம்மென்பொருளைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் தத்தம் களஞ்சியங்களுக்குப் பயன்படுத்துகின்றன.

டிஸ்பேஸ் ஜாவா மொழியில் எழுதப்பட்டது. இத்தகைய செயலியைத் தாங்கி இயக்குவதற்கு அடியில் வேறொரு மென்பொருள் தேவை. பயனரின் வேண்டுகோளைப் பெறுதல், உரிய நிரலிடம் சேர்த்தல், விடையைத் திருப்பி அனுப்புதல், ஒரே நேரத்தில் பலர் வரும்போது நெரிசலை ஒழுங்குபடுத்துதல் ஆகியவற்றை அது செய்கிறது. இதுவே பயன்பாட்டு வழங்கி. டிஸ்பேஸ் களஞ்சியங்களின் அடியில் நெடுங்காலமாக இருந்துவருவது அப்பாச்சி டாம்கேட். ஆகவே, தம் ஆய்வேட்டை இத்தகைய களஞ்சியத்தில் சேர்த்தவர், அவ்வழங்கியின் பெயரைக் கேள்விப்படாதவராயினும், அதன் பயனரே ஆவார். அந்த வழங்கிக்குப் புதிய பதிப்பு வரும் செய்தி அவருக்காகப் பொறுப்பேற்றிருக்கும் நூலகருக்கோ கணினிப் பிரிவினருக்கோ எவ்வாறு சென்றடைகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

அறிவிப்பால் நிறைவுறும் வெளியீடு

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் தன்னிடமிருந்த நிரலை 1999இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு வழங்கியதிலிருந்து டாம்கேட்டின் வரலாறு தொடங்குகிறது. வரையறையில் கண்டிப்பானவர்கள் இதை முழுமையான பயன்பாட்டு வழங்கி என ஏற்பதில்லை. வைல்ட்ஃபிளை, கிளாஸ்ஃபிஷ் போன்றவற்றுக்கே அப்பெயரை வழங்குவர். பயன்பாட்டுப் பரப்பைக் கருதி டாம்கேட்டையும் அவ்வகையில் சேர்த்துப் பேசுவது பொதுவழக்கு.

அப்பாச்சி திட்டங்களில் மூலநிரல் எந்நாளும் எவரும் காணும்படி திறந்தே இருக்கும். அவ்வாறாயின் ‘வெளியிடுதல்’ என்பதன் பொருள் யாது? வெளியீட்டு மேலாளர் ஒருவர் நிரலின் ஒரு நிலையைத் தொகுத்து வரைவாக முன்வைக்கிறார். திட்ட மேலாண்மைக் குழுவினர் அதை இயக்கிப் பார்த்து வாக்களிக்கின்றனர். வாக்கெடுப்பு பொதுவாக 72 மணிநேரமேனும் நடைபெறும். அக்குழுவினரின் ஆதரவு வாக்குகள் குறைந்தது மூன்று இருத்தல் வேண்டும். ஆதரவு எதிர்ப்பினும் மிகுதல் வேண்டும். ஒருவர் மட்டும் மறுத்து வெளியீட்டைத் தடுத்துவிட இயலாது. டாம்கேட்டில் வாக்கெடுப்பில் தேறாத வரைவின் எண் மறுபடி பயன்படுத்தப்படுவதில்லை. பதிப்பு வரிசையில் இடையிடையே சில எண்கள் காணப்படாமைக்கு இதுவே காரணம்.

வாக்கெடுப்பு முடிந்ததும் மின்னொப்பமும் சரிபார்ப்புத் தொகையும் சேர்த்துக் கோப்புகள் பொதுவில் வைக்கப்படுகின்றன. அதன் பின்னரே அறிவிப்பு அனுப்பப்படுகிறது. திட்டக் குழுவுக்கு வெளியே உள்ளவர்களை அன்றாட வரைவுகளை நோக்கி அழைக்கலாகாது. முறைப்படி வெளியிடப்பட்டவற்றையே அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. திறந்து கிடக்கும் நிரலுக்கும் வெளியிடப்பட்ட பதிப்புக்கும் உள்ள வேறுபாடு, ஒரு குழு வாக்களித்துப் பொறுப்பேற்று அதை உலகுக்குச் சொல்லியது என்பதில் அடங்கியுள்ளது. இந்நோக்கில் அறிவிப்பைப் பதிப்பின் வெளிப்பூச்சாகக் கொள்ளல் பொருந்தாது.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது அச்சுச் செலவுக்காக முன்கூட்டியே கையொப்பம் திரட்டினார். ஏட்டுப் பிரதிகள் தந்தவர்களை முகவுரையில் குறிப்பிட்டார். மேலும் திருத்திய இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. நூல் எவ்வாறு கிடைத்தது, யார் உதவினர், முன்னதிலிருந்து எது மாறியது என்பவற்றைச் சொல்லாத பதிப்பை ஆய்வுலகம் ஐயத்துடனேயே நோக்கும். மென்பொருள் வெளியீட்டு அறிவிப்பும் இக்கேள்விகளுக்கே விடை தருகிறது. கோயில்கள் செறிந்த நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் வீடுதோறும் வழங்கப்படும் குடமுழுக்கு அழைப்பிதழும் ஒரு வகையில் இதன் உறவே: நடந்த திருப்பணி, நாள், நேரம், உபயதாரர் பெயர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அழைப்பிதழைத் தவறவிட்டவர் ஒரு விழாவை மட்டும் இழக்கிறார்.

2020 பிப்ரவரி: காரணம் சொல்லாத ஒரு வரி

டாம்கேட் 9.0.31 பதிப்பு 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் அறிவிப்பில் குறிப்பிடத்தக்க மாற்றங்களுள் ஒன்றாக ஏஜேபி இணைப்பி பற்றிய செய்தி இடம்பெற்றது. அவ்விணைப்பி இனி மாதிரி அமைவுக் கோப்பில் முடக்கப்பட்டிருக்கும். இயக்கப்பட்டால் தன் கணினிக்குள்ளிருந்து வரும் தொடர்பை மட்டுமே ஏற்கும். மறைச்சொல் ஒன்றையும் கேட்கும். செய்தி இவ்வளவே. ஏன் இம்மாற்றம் என்பது அங்குக் கூறப்படவில்லை.

காரணம் அம்மாத இறுதிக்குள் வெளிப்பட்டது. சைட்டின் என்னும் சீன நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்த குறை, சிவிஇ-2020-1938 என்னும் எண்ணுடன் வெளியிடப்பட்டது. டாம்கேட் என்பது கடுவன் பூனையைக் குறிக்கும் சொல்லாதலின், இக்குறைக்கு ‘கோஸ்ட்கேட்’, அதாவது பேய்ப்பூனை, எனப் பெயரிட்டனர். அதுவரை இயல்பிலேயே திறந்திருந்த 8009ஆம் துறையை அணுக முடிந்த எவரும் செயலியின் அமைவுக் கோப்புகளைப் படித்துவிட இயலும். தரவுத்தளக் கடவுச்சொற்கள் அத்தகைய கோப்புகளில் இருப்பது வழக்கம். கோப்பேற்ற வசதியுள்ள செயலிகளில் சில சூழல்களில் அயலார் நிரலை இயக்கவும் வாய்ப்பிருந்தது. 7.0.100, 8.5.51, 9.0.31 ஆகிய பதிப்புகள் இக்குறையைக் களைந்தன.

அறிவிப்பை எழுதியவர்கள் காரணத்தை மறைத்தது முறையா என்ற வினா எழலாம். குறையை முதலிலேயே விளக்கியிருந்தால், பயனர்கள் மேம்படுத்துவதற்கு முன் தாக்குவோர் பயன்படுத்தியிருப்பர். திருத்தத்தை முந்தச் செய்து விளக்கத்தைப் பிந்தச் செய்வது பாதுகாப்புத் துறையில் ஏற்கப்பட்ட ஒழுங்கு. ஆனால் இவ்வொழுங்கு வாசகரிடம் ஒன்றை எதிர்பார்க்கிறது: இயல்பு அமைவு இவ்வளவு கடுமையாக மாற்றப்பட்டதைக் கண்டவுடன், பின்னணியில் ஏதோ உள்ளது என ஊகிக்கும் வாசிப்பு. ஆங்கிலத்தில் தேர்ந்த பொறியாளருக்கே இது பழக்கத்தால் வருவது.

மறுபுறம், அவ்வரியைப் படியாமல் புதிய பதிப்பை நிறுவியவர்களும் இடருற்றனர். முன்னணியில் அப்பாச்சி வலைவழங்கியை வைத்து ஏஜேபி வழியாக டாம்கேட்டுடன் இணைப்பது டிஸ்பேஸ் அமைப்புகளிலும் காணப்படும் முறை. மறைச்சொல் குறிக்கப்படாத பழைய அமைவுக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு 9.0.31க்கு மாறியபோது இணைப்பி தொடங்க மறுத்தது. பயனருக்குத் தளம் கிடைக்கவில்லை. மேம்படுத்தாதவருக்குத் திறந்த கதவு; படிக்காமல் மேம்படுத்தியவருக்கு மூடிய தளம். இரண்டிலிருந்தும் காத்தது அந்த ஒரு வரியே.

2021: பெயர் மாற்றத்தின் விலை

ஜாவா நிறுவனப் பதிப்பு 2017இல் ஆரக்கிளிடமிருந்து எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குச் செல்லும் முடிவு அறிவிக்கப்பட்டது. ‘ஜாவாக்ஸ்’ என்னும் பெயர்வெளியைத் தொடர்ந்து வளர்ப்பதற்கான உடன்பாடு எட்டப்படாமையால், நிரற்கூறுகளின் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என மாற்றப்பட்டன. 2021இல் நிலைத்த நிலையை எட்டிய டாம்கேட் 10 இம்மாற்றத்தை ஏற்றது. செயற்பாட்டில் பெரிய வேறுபாடு இல்லை. பெயர் மட்டுமே மாறியது. ஆயினும் 9இல் இயங்கிய செயலி 10இல் அப்படியே இயங்காது. டிஸ்பேஸ் 7ஆம் பதிப்பு டாம்கேட் 9இல்தான் இயங்கும். 10க்குச் செல்ல டிஸ்பேஸ் 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரிய எண்ணே சிறந்தது எனக் கருதும் இயல்பு இங்குத் தவறான வழிகாட்டி. டாம்கேட் குழு இதை அறிவிப்பில் தெளிவாகவே சுட்டியது. பழைய செயலிகளை மாற்றித்தரும் கருவியையும் அளித்தது.

கொழும்பிலிருந்து ஒரு வழங்கி

தென்னாசியாவிலிருந்தே பயன்பாட்டு வழங்கி ஒன்றை உலகுக்கு அறிவித்த நிகழ்வும் உண்டு. 2003இல் சஞ்சீவ வீரவரண முன்னின்று தொடங்கிய லங்கா மென்பொருள் அறக்கட்டளை இலங்கை இளைஞர்களை அப்பாச்சி திட்டங்களில் ஈடுபடுத்தியது. அப்பாச்சி ஆக்சிஸ்2 வளர்ச்சியில் அவர்களின் பங்கு பெரிது. பால் ஃபிரீமேன்டிலுடன் இணைந்து வீரவரண 2005இல் நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2, ஆக்சிஸ்2வை அடித்தளமாகக் கொண்டு வலைச்சேவைகளுக்கான பயன்பாட்டு வழங்கியை உருவாக்கி, அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளியிட்டது.

இந்நிறுவனத்தின் அறிவிப்புகள் அமைப்பில் அப்பாச்சி அறிவிப்புகளை ஒத்தவை. புதிய வசதிகள், களையப்பட்ட பிழைகள், நிறுவும் முறை எனச் செல்பவை. இறுதியில் மட்டும் ஆதரவுச் சேவையும் பயிற்சியும் பற்றிய பத்தி ஒன்று சேரும். மென்பொருளை இலவசமாகத் தந்து ஆதரவை விற்று வாழும் நிறுவனத்துக்கு அப்பத்தியே கடைவாசல். இதில் குறைகாண இடமில்லை. ஆனால் வாசிப்பவர், தகவலாக உள்ள பகுதியையும் விற்பனையாக உள்ள பகுதியையும் பிரித்தறிய வேண்டும். ஆரக்கிள் நிறுவனம் கிளாஸ்ஃபிஷ் வழங்கியின் வணிக ஆதரவு நான்காம் பதிப்புக்குத் தொடராது என 2013 நவம்பரில் அறிவித்தபோது, அத்தகைய ஆதரவை நம்பியிருந்தோர் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. மூலநிரல் அப்போதும் திறந்தே இருந்தது.

தமிழில் எழுதுவதன் சிக்கல்கள்

டாம்கேட்டின் அறிவிப்புகள் ஆங்கிலத்திலேயே வெளிவருகின்றன. 2012 முதல் கணியம் மின்னிதழ் திறமூலக் கருவிகளைத் தமிழில் கற்பித்து வருகிறது. கற்பித்தலும் அறிவித்தலும் வெவ்வேறு எழுத்துவகைகள். அறிவிப்புக்குச் சுருக்கமும் ஐயமின்மையும் வேண்டும். தமிழ்க் கலைச்சொற்கள் இங்குதான் சோதனைக்கு உள்ளாகின்றன.

‘திறமூலம்’ என்னும் சொல்லாட்சி நன்கு பொருந்துகிறது. ‘மூலமும் உரையும்’ எனத் தலைப்பிட்ட நூல்களில் பழகிய வாசகருக்கு மூலநிரலும் அதற்கு உரையாக அமையும் வெளியீட்டுக் குறிப்பும் எளிதில் விளங்கும். ‘வழங்கி’ அவ்வளவு எளிதன்று. அது பெயராகவும் வினையெச்சமாகவும் நிற்பதால், ‘புதிய வசதிகளை வழங்கி வெளியிட்டது’ போன்ற தொடரில் கருத்து மயங்கும். ‘சேவையகம்’ இம்மயக்கத்தைத் தவிர்க்கிறது, ஆனால் நீண்டது. எதை ஏற்றாலும் ஓர் அறிவிப்புக்குள் ஒன்றையே ஆளுதல் வேண்டும்.

இன்னும் நுண்ணிய சிக்கல் ஒன்றுண்டு. இன்றும் இயங்கும், ஆயினும் பின்னர் நீக்கப்படும், ஆதலால் இனிப் பயன்படுத்த வேண்டா என்னும் நிலையை ஆங்கில அறிவிப்புகள் ஒரே சொல்லால் குறிக்கின்றன. அதை ‘நீக்கப்பட்டது’ என மொழிபெயர்த்தால் பொய்யாகும். ‘பரிந்துரைக்கப்படவில்லை’ என்றால் வலுவிழக்கும். ‘வழக்கொழியவுள்ளது’ என்பது இலக்கண மரபோடும் இயைந்து, காலக்குறிப்பையும் தாங்கிநிற்கிறது. இவ்வாறே ‘மேம்படுத்தலாம்’, ‘மேம்படுத்துவது நன்று’, ‘மேம்படுத்த வேண்டும்’ என்பன மூன்று வேறு அவசர நிலைகள். அலுவலகத் தமிழின் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடும்.

9.0.31இன் செய்தியைத் தமிழில் பின்வருமாறு அமைக்கலாம்: ‘டாம்கேட் 9.0.31 வெளிவந்துள்ளது. ஏஜேபி இணைப்பியைப் பயன்படுத்துவோர் நிறுவுமுன் இதைப் படிக்க வேண்டும். இப்பதிப்பில் அவ்விணைப்பி மறைச்சொல் இல்லாமல் தொடங்காது. வலைவழங்கியிலும் டாம்கேட்டிலும் ஒரே மறைச்சொல்லைக் குறித்த பின் மேம்படுத்துக. ஏஜேபியைப் பயன்படுத்தாதோர் அது முடக்கப்பட்டிருப்பதை உறுதிசெய்க.’ யாருக்கு, என்ன, எந்த வரிசையில் என்பன முதலில் நிற்க, பிற வசதிகளின் பட்டியல் பின்னர் வரலாம். பதிவிறக்கிய கோப்பின் மின்னொப்பத்தைச் சரிபார்க்கும் முறையையும் சேர்த்தல் நலம். அறிவிப்பு மொழிபெயர்க்கப்படும்போது முதலில் விடுபடுவது அதுவே.

ஆதரவு முடியும் நாளை அறிவிப்பதும் இவ்வெழுத்துவகையின் ஒரு பகுதி. டாம்கேட் 8.5 வரிசைக்கான ஆதரவு 2024 மார்ச் 31இல் முடிவுறும் என்பது முன்னரே தெரிவிக்கப்பட்டது. அந்நாளுக்குப் பின் அவ்வரிசைக்குப் புதிய வெளியீடு வராது என்பதோடு, பாதுகாப்புக் குறை பற்றிய முறையீடுகள் 8.5உடன் ஒப்பிட்டுச் சோதிக்கப்படமாட்டா என்பதும் அவ்வறிவிப்பில் இருந்தது. இதன்படி, பின்னர் வெளிவரும் குறைப் பட்டியல் ஒன்றில் 8.5இன் பெயர் இல்லாவிடில், அப்பதிப்பு சோதிக்கப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். அதில் அக்குறை இல்லை எனக் கொள்வதற்கில்லை.