ஐந்து வட்டியும் பத்து சதவீதமும்

வங்கியில் நகைக்கடனுக்கு வட்டி கேட்டால் "வருஷத்துக்குப் பத்து பெர்சன்ட்" என்பார்கள். தெருவில் கொடுக்கல் வாங்கல் செய்பவரைக் கேட்டால் "அஞ்சு வட்டிதானுங்க" என்பார். முன்னது ஆண்டுக் கணக்கு. பின்னது மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய், அதாவது ஆண்டுக்கு 60 சதவீதம். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஆனாலும் வீட்டில் இருக்கிற கடன்களை எல்லாம் ஒரே கணக்குக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் குடும்பங்கள் குறைவு. ஒரு கடனுக்கு மாதத் தவணை, இன்னொன்றுக்கு வார வசூல், மற்றொன்றுக்குத் தினமும் நூறு ரூபாய். எதை முதலில் அடைப்பது என்ற கேள்விக்கு, "யார் வாசலில் வந்து சத்தம் போடுகிறாரோ அவருக்கு" என்பதே நடைமுறையில் பதிலாக இருக்கிறது.

தண்டலை எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய் தண்டல் என்றால் கைக்கு வருவது 8,500. வட்டியை முன்கூட்டியே பிடித்துவிடுவார்கள். பிறகு நூறு நாள், நாளுக்கு 100 ரூபாய். "பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறுதானே" என்று தோன்றும். ஆனால் 8,500 ரூபாயும் நூறு நாள் முழுக்க நம்மிடம் இருப்பதில்லை. மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். பாதி வழியில் நம்மிடம் மீதி இருப்பது ஏறக்குறைய பாதிதான். நாள் கணக்கில் பார்த்தால் இதன் வட்டி ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம்.

நிதி நிறுவனங்களின் 'ஃபிளாட் ரேட்' இதன் நாகரிகமான தம்பி. ஒரு லட்சம் ரூபாய்க்கு 12 சதவீத ஃபிளாட், இரண்டு ஆண்டு என்றால் வட்டி 24,000. மாதத் தவணை 5,167. அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கே போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது சுமார் 21.6 சதவீதக் கடன். இதைக் கண்டுபிடிக்க நாம் கால்குலேட்டரைத் தட்ட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் கடன்களுக்கு, கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை முக்கிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்துப் போடும் அவசரத்தில் கட்டோடு கட்டாக வரும் தாள்களில் படிக்க வேண்டியது அதுதான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

திருப்பூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர், மனைவி செக்கிங். சனிக்கிழமை சம்பளம், இருவருக்கும் சேர்த்து மாதம் 32,000. கடன்கள் ஐந்து. நான்கு சவரன் நகை வங்கியில் 1,20,000 ரூபாய்க்கு இருக்கிறது, வட்டி 10 சதவீதம், மாதம் 1,000. தெரிந்தவரிடம் வாங்கிய கைமாற்று 40,000, ஐந்து வட்டி, மாதம் 2,000. குழுக் கடனுக்கு மாதம் 2,650, எட்டுத் தவணை பாக்கி. பைக் தவணை 2,900. தண்டல் நாளுக்கு நூறு, நாற்பது நாள் பாக்கி. மொத்தம் மாதம் 11,550 ரூபாய் கடனுக்கே போகிறது.

தொகையைப் பார்த்துப் பயந்தால் நகைக்கடன்தான் பெரியது. மீட்க வேண்டும் என்ற பேச்சும் அதைச் சுற்றியே நடக்கும். ஆனால் ஆண்டுக்கு அது தின்னும் வட்டி 12,000. மூன்றில் ஒரு பங்கே உள்ள கைமாற்று தின்பது 24,000. அதிலும் கொடுமை, அந்த 2,000 முழுவதும் வட்டி. பத்து வருடம் கட்டினாலும் அசல் 40,000 அப்படியே நிற்கும்.

சவரன் 45,000 ரூபாய் விற்ற 2023-ல் அடகு வைத்த நகை இது என்றால், 2025 அக்டோபரில் சவரன் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதே நகையின் மேல் இன்னும் 40,000 எடுத்துக் கைமாற்றை ஒரேயடியாக அடைக்கலாம். பிறகு மாதாமாதம் வட்டிக்காரருக்குப் போன அதே 2,000 ரூபாயை வங்கியில் அந்த நாற்பதாயிரத்துக்குக் கட்டினால், அசலும் வட்டியும் சேர்ந்து 22 மாதத்தில் தீர்ந்துவிடும். ஒரு ரூபாய் கூடுதலாகச் சம்பாதிக்கவில்லை, ஒரு செலவையும் குறைக்கவில்லை.

இதில் ஒரு கண்ணி உண்டு. விலை ஏறிவிட்டது, இன்னும் கிடைக்கும் என்று கூடவே ஒரு எழுபதாயிரம் எடுத்து வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டினால் கணக்கு அங்கேயே முடிந்தது. இன்னொன்று, நகைக்கடன்கள் பெரும்பாலும் ஓராண்டில் முடிபவை. இடையிடையே அசலில் கட்டலாமா என்று கேட்டு, கட்டிக்கொண்டே வர வேண்டும். ஆண்டு முடிவில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுஅடகுக்காக மூன்று நாளைக்கு ஒரு கைமாற்று தேடி அலைய நேரும். அந்த மூன்று நாளை நம்பியே தொழில் நடத்துபவர்களும் உண்டு.

தண்டலை எதுவும் செய்ய வேண்டாம். நாற்பது நாளில் தானே முடியும். ஆனால் அறுபது, எழுபது நாள் கட்டியதுமே "நல்லாக் கட்டறீங்க, புதுசா ஒண்ணு போட்டுக்கலாமா" என்று கேட்பார்கள். பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். நூறு நாள் மறுபடி முதலிலிருந்து. வருடக்கணக்கில் தண்டல் கட்டுபவர்கள் உண்மையில் கட்டுவது இந்தப் புதுப்பித்தலை. அதை மறுத்துவிட்டால் மாதம் 3,000 ரூபாய் கையில் மிஞ்சும். அதில் 2,000 நகைக்கடன் அசலுக்குப் போனால், 22 மாதம் என்பது 11 மாதமாகச் சுருங்கும். குழுக் கடனின் வட்டி 24 சதவீதம் அளவில் இருந்தாலும், கடைசி எட்டுத் தவணையில் ஒளிந்திருக்கும் வட்டி சுமார் 1,800 ரூபாய்தான். அதை அதன் போக்கில் விடலாம்.

குழு என்றால் எந்தக் குழு?

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் வேறு. மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் கடன் தருவதற்காகச் சேர்க்கும் குழுக்கள் வேறு. முதலாவதில் பெண்கள் முதலில் சேமிக்கிறார்கள், அந்தச் சேமிப்பிலிருந்து உள்கடன் கொடுத்துக்கொள்கிறார்கள், அதன் பிறகே வங்கிக்குப் போகிறார்கள். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டியில் வங்கிக் கடன் கிடைக்கிறது. இரண்டாவதில் சேமிப்பே கிடையாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்ற பிணைப்பு மட்டும் உண்டு. இரண்டையும் 'குழு' என்றே சொல்வதால் 7 சதவீதக் கடன் கிடைக்கக்கூடிய பெண்கள்கூட மூன்று மடங்கு வட்டிக்குக் கையெழுத்திடுகிறார்கள்.

2022-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தரும் கடன்தான் மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கடனை முன்கூட்டி முடித்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது. இந்தப் 'பாதி' என்ற வரம்பே என் பார்வையில் தாராளமானது. ஓவர்டைம் சேர்த்துக் காட்டிய வருமானத்தில் பாதி என்பது, ஓவர்டைம் நின்ற மாதத்தில் முக்கால் ஆகிவிடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதியை நம்பிய ஊர்களில் முதலில் எழுந்த கவலையே இதுதான்.

தாளில் எழுதாத கடன் ஒன்றும் உண்டு: மொய். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்து வட்டியில்லாக் கடன் திரட்டும் அபாரமான ஏற்பாடு. கறி விருந்தோடு லட்சக்கணக்கில் வசூலாகும். கணக்கு நோட்டில் ஏறும். ஆனால் வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வதே முறை. விருந்து வைத்த வருடம் பணக்காரராக உணர்பவர், அடுத்தடுத்த ஆடிகளில் வாராவாரம் மொய்க்கு ஓட வேண்டும். மொய் நோட்டையும் கடன் தாளோடு சேர்த்து வைத்தால்தான் முழுப் படம் தெரியும்.

மிரட்டல் வந்தால்

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், மணி வட்டி எல்லாமே 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டப்படி தமிழ்நாட்டில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன் வாங்கியவர் தான் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் செலுத்தவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம் தீக்குளித்தது. 2022-ல் காவல்துறை 'ஆபரேஷன் கந்துவட்டி' என்று ஒரு நடவடிக்கை எடுத்தது. 2025-ல், கட்டாய வசூலைத் தடுக்க நிதி நிறுவனங்களையும் உள்ளடக்கி இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது.

சட்டம் கைகொடுக்க வேண்டுமானால் நம்மிடம் ஆதாரம் வேண்டும். ரொக்கமாகக் கொடுத்த வட்டிக்குச் சாட்சி இல்லை. ஜிபே-யில் அனுப்பியதற்கு உண்டு. தொகை எழுதாத பிராமிசரி நோட்டிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்திடுவதைவிட அந்தக் கடன் கிடைக்காமல் போவதே மேல். வங்கி, நிதி நிறுவனம் மீதான புகாரை முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

சேமிப்புக்கு எப்போது நேரம்?

கடன் முழுதும் முடிந்த பிறகு சேமிக்கலாம் என்பதே பலரும் தரும் அறிவுரை. கணக்குப்படி அது சரி, வாழ்க்கைப்படி சரியில்லை. திருப்பூர் குடும்பத்தின் தண்டல் பணத்தில் மிஞ்சிய 3,000-ல் 2,000 அசலுக்குப் போனது. மீதி 1,000 அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் விழட்டும் என்பேன். அங்கே வட்டி 4 சதவீதம்தான். பத்தாயிரம் ரூபாயை அங்கே வைத்துவிட்டு, 10 சதவீத நகைக்கடனில் அதைக் கட்டாமல் விட்டால் ஆண்டுக்கு 600 ரூபாய் நஷ்டம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் ஒரே ஒரு தண்டலுக்குப் போனால் 1,500. பத்து, பதினொரு மாதத்தில் ஒரு தண்டல் தொகை தன் பெயரிலேயே சேர்ந்துவிடும்.

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வரும் வீடாக இருந்தால் இது இன்னும் எளிது. ஒரே ஒரு நிபந்தனை, தவணை தானாகப் பிடித்தமாகும் கணக்கில் சேமிப்பு இருக்கக் கூடாது. அஞ்சலக ஆர்.டி. நூறு ரூபாயிலிருந்து தொடங்கலாம் என்றாலும் அது ஐந்தாண்டுத் திட்டம். அவசரப் பணத்துக்கு ஏற்றதல்ல. கையிருப்பு ஒரு மாதச் சம்பளத்தைத் தொட்ட பிறகு அதைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் அதே தொகைக்கு ஆயுள் காப்பீடும் வங்கிக் கணக்கு வழியே கிடைக்கின்றன. சேமிப்பு தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டியவை இவை.

சீட்டு போடலாமா என்று கேட்பார்கள். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டு என்றால் போடலாம், கடைசிவரை எடுக்காமல் இருக்கும் பொறுமை இருந்தால். மாதம் இத்தனை சதவீதம் தருகிறோம் என்று அழைப்பவர்களிடம் மட்டும் போகக் கூடாது. அப்படி அழைத்த ஆருத்ரா நிறுவனத்தின் மோசடி வழக்கில், பணம் போட்டு ஏமாந்தவர்களாகக் காவல்துறை சொல்லும் கணக்கே சுமார் ஒரு லட்சம் பேர், 2,400 கோடி ரூபாய்க்கு மேல்.

கடைசித் தவணை கட்டும் நாளில் சந்தோஷத்தில் மறந்துவிடும் வேலைகள் சில உண்டு. பைக் கடன் முடிந்தால் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கடன் குறிப்பை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீக்க வேண்டும். பேசிக் குறைத்து 'செட்டில்மென்ட்' செய்த கடன் சிபில் அறிக்கையில் முடிந்த கடனாக ஏறாது. 'செட்டில்டு' என்றே நிற்கும், அடுத்த கடனுக்குப் போகும்போது கேள்வி வரும். ஆண்டுக்கு ஒரு முறை அந்த அறிக்கையை இலவசமாகப் பெறலாம் என்பதால், இரண்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்துவிட வேண்டும். கைமாற்று தந்தவரிடம் கடைசிப் பணத்தை நீட்டும்போதே, நாம் எழுதிக் கொடுத்த நோட்டை மறு கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். "வீட்ல எங்கயோ இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றால், பணத்தையும் அப்புறமே தரலாம்.