உடனே சுகம் தரும் ஊசி: ஸ்டீரொயிட் மருந்து பற்றி நோயாளர் அறிந்திருக்க வேண்டியவை

காய்ச்சலென்றாலும் நாரி நோவென்றாலும் வைத்தியரிடம் சென்று, "ஓர் ஊசி போட்டு விடுங்கள்" என்று கேட்கும் வழக்கம் எம்மவரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. குளிசையை விட ஊசிக்கு வலிமை அதிகம் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். ஊசி ஏற்றிய சில மணித்தியாலங்களில் காய்ச்சல் தணிந்து, மூட்டு நோவு மறைந்து, பசியும் எடுத்து நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டால், அந்த வைத்தியருக்குக் கைராசிக்காரர் என்ற பெயரும் கிடைத்துவிடுகின்றது. எப்போதும் அல்லாவிடினும், இத்தகைய திடீர்ச் சுகத்தின் பின்னணியில் ஸ்டீரொயிட் வகை ஊசி மருந்து இருக்கக்கூடும். ஆனால் தனக்கு ஏற்றப்பட்ட மருந்தின் பெயரைக் கூட நோயாளி அறிந்திருப்பதில்லை.

உடற்பயிற்சி நிலையங்களில் தசையைப் பெருக்குவதற்காகச் சிலர் இரகசியமாகப் பாவிக்கும் ஸ்டீரொயிட் வேறு. இங்கு குறிப்பிடப்படுவது வேறு. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அதிரினல் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கின்றன. அதனை ஒத்த மருந்துகளே கோர்ட்டிகோஸ்டீரொயிட் எனப்படுகின்றன. ஹைட்ரோகோர்ட்டிசோன், மெதைல்பிரெட்னிசலோன், டிரையம்சினலோன், டெக்ஸாமெதசோன் ஆகியவை ஊசி மூலம் வழங்கப்படுபவற்றுள் முக்கியமானவை. 1948 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கோர்ட்டிசோனை ஊசி மூலம் செலுத்தினார். சில தினங்களில் அப்பெண் நடக்கத் தொடங்கியமை மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. 1950 இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பி வருவதும், தொடர்ந்து கொடுத்தால் உடல் வேறு விதமாகப் பாதிக்கப்படுவதும் அக்காலத்திலேயே தெரியவந்தன. இம்மருந்து அழற்சியை அடக்குகின்றதேயன்றி, அழற்சிக்கான காரணத்தைப் பெரும்பாலும் அகற்றுவதில்லை.

இவற்றின் வலிமையை மில்லிகிராம் அளவைக் கொண்டு ஒப்பிட முடியாது. 20 மில்லிகிராம் ஹைட்ரோகோர்ட்டிசோன் செய்யும் வேலையை 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் செய்யும். அதே வேலைக்கு டெக்ஸாமெதசோன் 0.75 மில்லிகிராம் போதும். எனவே 4 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் அடங்கிய ஒரு சிறு ஊசி, 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் குளிசைகள் ஐந்துக்கும் மேற்பட்டவற்றுக்குச் சமமானது. அதன் செயற்பாடும் ஒன்றரை நாளுக்கு மேல் நீடிக்கும்.

தகுந்த இடத்தில் இது உயிர் காக்கும் மருந்து என்பதில் ஐயமில்லை. கடுமையான ஆஸ்துமாவுக்கும், மூளைக் கட்டியினால் ஏற்படும் வீக்கத்துக்கும், குறைமாதத்தில் பிறக்கவிருக்கும் சிசுவின் நுரையீரல் முதிர்ச்சிக்கும் இதனை வைத்தியர்கள் பயன்படுத்துகின்றனர். 2020 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் இடம்பெற்ற 'ரிகவரி' ஆய்வில், நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன், செயற்கைச் சுவாசம் பெற்ற கொவிட் நோயாளர்களின் மரணங்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கால் குறைத்தது. அதே ஆய்வு, ஒட்சிசன் தேவைப்படாத நோயாளர்களுக்கு இம்மருந்தால் பயன் எதுவும் இல்லை என்றும் காட்டியது. பிந்திய செய்தி முந்தியதைப் போலப் பரவவில்லை. 2021 இல் இந்தியாவில் கரும்பங்கசு நோய் பல்லாயிரக்கணக்கானோரைத் தாக்கியபோது, கட்டுப்பாடற்ற நீரிழிவுடன் ஸ்டீரொயிட்டின் அளவுமீறிய பாவனையும் அதற்கு முக்கிய காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டது.

எமது நாட்டைப் பொறுத்தவரையில் மிகுந்த கவனம் தேவைப்படுவது காய்ச்சல் விடயத்திலேயாகும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவாகினர். டெங்குக் காய்ச்சலில் பலருக்கு ஆபத்தான கட்டம் ஆரம்பிப்பது காய்ச்சல் தணியும் வேளையிலேயே என்பதை வைத்தியர்கள் திரும்பத் திரும்பக் கூறி வருகின்றனர். ஸ்டீரொயிட் ஊசி காய்ச்சலைச் செயற்கையாக இறக்கிவிடும்; டெங்குவில் குறைய வேண்டிய வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கையை உயர்த்தியும் காட்டக்கூடும். நோயாளி சுகமடைந்துவிட்டதாக வீட்டார் எண்ணுகின்றனர். குருதிப் பரிசோதனையும் வைத்தியரைத் திசைதிருப்பக்கூடும். குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசிவதையோ மருந்து தடுப்பதில்லை. டெங்குவில் ஸ்டீரொயிட்டினால் பயன் உண்டென நிரூபிக்கப்படவும் இல்லை. ஆகவேதான் டெங்கு சந்தேகிக்கப்படும் காய்ச்சலுக்குப் பரசிட்டமோலுடன் நிறுத்திக்கொள்ளுமாறும், டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்றவற்றுடன் ஸ்டீரொயிட்டையும் தவிர்க்குமாறும் அறிவுறுத்தப்படுகின்றது. காய்ச்சலுக்கு ஊசி கேட்டு வற்புறுத்தும் பெற்றோர் இதனை மனதில் இருத்த வேண்டும். வற்புறுத்தலுக்கு இணங்கும் வைத்தியரும் பொறுப்பிலிருந்து நீங்கிவிட முடியாது.

அடுத்து நீரிழிவு. நீரிழிவாளருக்குத் தோள் மூட்டில் ஒரேயொரு ஊசி ஏற்றினாலும் குருதிக் குளுக்கோஸ் சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரம் வரையில் கூட, உயர்ந்து காணப்படலாம். இதனை முன்கூட்டியே அறியாதவர் உணவைக் குறைத்தும் மருந்தைத் தாமாகவே கூட்டியும் தடுமாறுவர். ஊசி ஏற்றுவதற்கு முன்னர் தமக்கு நீரிழிவு உள்ளதைத் தெரிவிப்பதும், அதன் பின்னர் சில தினங்கள் குளுக்கோஸை அடிக்கடி அளப்பதும் அவசியம். உயர் குருதி அமுக்கம், குடற்புண், முன்னர் ஏற்பட்ட காசநோய் என்பனவும் மறைக்கப்படக் கூடாதவை. மறைந்திருக்கும் காசநோய் ஸ்டீரொயிட்டின் நிழலில் மீண்டும் தலைதூக்கலாம். சிலருக்கு ஊசியின் பின் ஓரிரு இரவுகள் உறக்கம் வராது. மனம் அமைதியிழப்பதும் உண்டு.

முழங்கால் தேய்வுக்கு ஊசி ஏற்றிக்கொள்வோர் தொகை அதிகம். வீங்கிய மூட்டுக்கு அது சில வாரங்கள் நிவாரணம் தருவது உண்மையே. ஆனால் 2017 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சிந்திக்கத்தக்கது. முழங்கால் தேய்வுள்ள 140 பேரில் ஒரு சாராருக்கு 12 வாரங்களுக்கு ஒரு தடவை வீதம் இரண்டு வருடங்கள் டிரையம்சினலோன் ஏற்றப்பட்டது. மறுசாராருக்கு வெறும் உப்புநீர். முடிவில் நோவைப் பொறுத்தவரையில் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. குருத்தெலும்புத் தேய்வோ மருந்து பெற்றவர்களிடமே அதிகமாகக் காணப்பட்டது. ஒரே மூட்டில் வருடத்துக்கு மூன்று அல்லது நான்கு தடவைகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரையறை. ஊசி ஏற்றிய இடத்தில் தோல் வெளிறுவதும் குழி விழுவதும் நேரலாம். மூட்டு சிவந்து, சூடேறி, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பங்கசு கலந்த மெதைல்பிரெட்னிசலோன் ஊசிகளால் 2012 இல் அமெரிக்காவில் மூளைமென்சவ்வு அழற்சி பரவி, அறுபதுக்கும் அதிகமானோர் இறந்தமை, இத்தகைய ஊசியின் தூய்மை எத்துணை முக்கியமானது என்பதற்குச் சான்று.

நெடுநாள் பாவனையின் விளைவுகள் வேறு வகையின. முகம் உப்புதல், எலும்பு நலிவடைதல், கண்ணில் புரை விழுதல் என்பன பலரும் அறிந்தவை. அதிகம் அறியப்படாதது அதிரினல் சுரப்பி உறங்கிப்போவதாகும். மூன்று வாரங்களுக்கு மேல் ஸ்டீரொயிட்டை உட்கொண்டவரோ, அடிக்கடி ஊசி ஏற்றிக்கொண்டவரோ திடீரென மருந்தை நிறுத்தினால் உடலில் கோர்ட்டிசோல் இல்லாத நிலை ஏற்படலாம். கடும் சோர்வு, வாந்தி, வயிற்று நோவு, குருதி அமுக்க வீழ்ச்சி ஆகியவை அதன் அறிகுறிகள். உடனடியாக ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசி ஏற்றப்படாவிட்டால் உயிராபத்து நேரும். பக்க விளைவுகளைக் கேள்வியுற்றுப் பயந்து மருந்தை ஒரே நாளில் கைவிடுவோர் இவ்விடத்திலேயே அகப்பட்டுக்கொள்கின்றனர். வைத்தியரின் ஆலோசனைப்படி படிப்படியாகக் குறைப்பதே முறை. சத்திரசிகிச்சைக்கோ பல் பிடுங்குவதற்கோ செல்லும்போதும் இதனைக் கூறியாக வேண்டும். ஏற்றப்பட்ட மருந்தின் பெயர், அளவு, திகதி ஆகியவற்றைக் கிளினிக் புத்தகத்தில் எழுதித் தருமாறு கேட்பது நோயாளியின் உரிமை.

றமழான் நோன்பு காலத்திலும், கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களின் போதும் இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஸ்டீரொயிட் குளிசையை அன்றாடம் உட்கொள்பவர்கள் வேளை தவறுகிறதென்று அதனை விட்டுவிடக் கூடாது. சிலருக்கு மருந்தை ஸஹர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். அதிரினல் சுரப்பி செயலிழந்தோருக்கு நோன்பே ஆபத்தாக அமையலாம். ஊசியினால் நோன்பு முறியுமா என்பதை உலமாக்களிடமும், நோன்பு நோற்க உடல் இடந்தருமா என்பதைச் சிகிச்சையளிக்கும் வைத்தியரிடமும், பிறை காண்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே கேட்டறிந்துகொள்ளலாம். மூட்டு ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டிய நீரிழிவாளர்கள், அவசரம் இல்லாவிடின் அதனைப் பெருநாளுக்குப் பின்னர் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் வினவலாம்.