பாதிச் சம்பளம், ஆனால் எதில் பாதி?

சென்ற வாரம் அரசு ஊழியர்களைப் பார்த்தோம். 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குள் தள்ளிய தமிழக அரசு, இருபதாண்டுப் போராட்டத்துக்குப் பின் இறங்கி வந்தது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதியை ஓய்வூதியமாகத் தருவோம் என்று 2026 ஜனவரியில் அறிவித்தது. இந்த வாரம் தனியார் தொழிலாளியின் முறை.

தருமபுரி மாவட்டத்துத் தொழிலாளியைத் தேடினால் மாவட்டத்துக்கு வெளியேதான் அதிகம் கிடைப்பார். பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பையன்கள் ராயக்கோட்டை வழியாக ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துப் பெண்கள் கோவை, திருப்பூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். இன்னொரு கூட்டம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு. இந்தக் கட்டடத் தொழிலாளர்களில் பெரும்பாலோரிடம் பி.எஃப். என்ற பேச்சே கிடையாது. மில்லிலும் கம்பெனியிலும் பிடிக்கிறார்கள். அந்தப் பி.எஃப்.புக்குள் ஒரு பென்ஷனும் இருப்பது பிடித்தம் கொடுப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

1995 நவம்பர் 16-இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் அது. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் போடுகிறது. தொழிலாளியின் பங்கிலிருந்து காலணா எடுப்பதில்லை. 58 வயதில் பென்ஷன். கணக்கு எளிது: சம்பளத்தை சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். 35 ஆண்டு சர்வீஸ் இருந்தால் சரிபாதி. அடடே, அரசு ஊழியருக்குச் சொன்ன அதே பாதிதானே?

இல்லை. இங்கே ‘சம்பளம்’ என்பது கையில் வாங்குகிற சம்பளம் அல்ல. அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு: 2001-இல் 6,500 ரூபாய், 2014 செப்டம்பரில் 15,000. பிறகு பத்தாண்டு கடந்தும் அது நகரவில்லை. முப்பதாயிரம் வாங்கினாலும் கணக்குக்குப் பதினைந்தாயிரம்தான். முழு 35 ஆண்டும் இந்த வரம்பில் உழைத்தவருக்கே 7,500 ரூபாய். 2014-க்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பழைய 6,500-ஐ வைத்தே கணக்குப் போடுவார்கள். ஆகவே 2004-இல் சேர்ந்து 2024-இல் ஓய்வு பெற்றவர் கைக்கு வருவது மூவாயிரத்துச் சொச்சம். அதற்கு அகவிலைப்படி கிடையாது. சாகும்வரை அதே தொகை. குறைந்தபட்ச பென்ஷன் 2014-இல் ஆயிரம் ரூபாய் ஆனது. அதை 7,500 ஆக்கி, அகவிலைப்படியும் சேர்த்துக் கொடுங்கள் என்று ஓய்வூதியர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நிற்கிறார்கள். இன்னொரு கூத்தும் உண்டு. 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாக வேலைக்குச் சேரும்போதே பி.எஃப். கணக்குச் சம்பளம் 15,000-ஐத் தாண்டினால், திட்டத்தில் இடமே இல்லை.

இவ்வளவுக்கும் முதலில் பத்தாண்டு சர்வீஸ் வேண்டும். மில்லில் மூன்று வருடம் இருந்துவிட்டுக் கல்யாணத்துக்கு ஊர் திரும்பும் பெண்ணுக்கு அது எப்படி வாய்க்கும்? படிவம் 10-சி கொடுத்து பென்ஷன் பணத்தை எடுத்துக்கொள்வார். கிடைப்பது சர்வீஸில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம், அதுவும் அந்த உச்சவரம்புக்குள். கல்யாணச் செலவில் அது ஒரு மூலைக்குக் காணாது. மூன்று வருட சர்வீஸ் போனது போனதுதான்.

வேலை மாறும் தொழிலாளியின் ஓய்வூதியத்தை வெளிநாட்டில் எப்படிக் கையாள்கிறார்கள்? ஆஸ்திரேலியாவில் 1992-இல் ஓய்வூதியக் கணக்குக்கான முதலாளி பங்கு 3 சதவீதமாகத் தொடங்கியது. படிப்படியாக ஏறி, 2025 ஜூலையில் 12 சதவீதமானது. 2021 நவம்பரிலிருந்து, தொழிலாளி வேறு கம்பெனிக்கு மாறினால் பழைய ஓய்வூதியக் கணக்கும் கூடவே போகிறது. ஆனால் அங்கே பங்குச்சந்தை விழுந்தால் அடி தொழிலாளிக்குத்தான். உறுதியான பென்ஷனுக்குப் பேர்போன நெதர்லாந்தே 2023 சட்டத்தின் மூலம் அந்த உறுதியைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. நம் திட்டத்தில் உறுதி இன்னும் இருக்கிறது. ஒரு மாதம் மட்டுமே பங்கு செலுத்திய நிலையில் தொழிலாளி இறந்தாலும், மறுமணம் செய்துகொள்ளாதவரை மனைவிக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப பென்ஷன் உண்டு. வெறும் சந்தைக் கணக்கில் இந்த உறுதி கிடைக்காது. ஆகவே திட்டத்தைத் தூக்கி எறியச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோளாறு உச்சவரம்பில் இருக்கிறது. அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை ஏறுகிற நாட்டில், மில் தொழிலாளியின் உச்சவரம்பு மட்டும் அமைச்சரவையின் தயவுக்குக் காத்துக்கிடப்பது அநியாயம். விலைவாசியோடு அது தானாக ஏற வேண்டும்.

அது நடக்கும்வரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலை மாறும்போது புதிய கம்பெனியில் யு.ஏ.என். எனப்படும் உங்கள் பழைய பி.எஃப். எண்ணையே கொடுங்கள். வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினாலும் பென்ஷன் பணத்தை எடுக்காதீர்கள். அதே 10-சி படிவத்தில் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஐந்து வருடம் கழித்து மறுபடி வேலைக்குப் போனால், பழைய சர்வீஸ் அதில் சேரும்.