இடி இடித்தால் வெயில் முடிந்ததாக அர்த்தமில்லை

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஆவடியில் என் கிளினிக்கில் கூட்டம் சேரும் நேரமே மாறிவிடும். மதியம் இரண்டு மணிக்குத் தலைசுற்றி உட்கார்ந்தவரை இரவு ஏழரைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருவார்கள். நடுவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதில் வரிசையாக வரும். சோடா கொடுத்தோம், மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டோம். கடைசியாக இது: "மேற்கே கறுத்துக்கிட்டு வந்துச்சு டாக்டர், மழை பெஞ்சு குளிர்ந்தா சரியாயிடும்னு படுக்க வெச்சோம்."

மழை பெய்திருக்கும். ஆளுக்குச் சரியாகியிருக்காது.

நம் வெயில் வேறு கணக்கு

செய்தியில் சொல்லும் சென்னை வெப்பநிலை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளந்தது. மெரினாவுக்கு நண்பகலில் வரும் கடற்காற்று அம்பத்தூர் தாண்டி ஆவடிக்கு வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் வராமலே போகும். அது வருகிற வரை ஊர் வேகும். வந்து மேல்காற்றோடு மோதும் இடத்தில்தான் மேகம் திரண்டு மாலையில் இடிக்கிறது. பூந்தமல்லி, திருவள்ளூர்ப் பக்கம் ஒரே நாளில் சுட்டெரித்து நனைப்பதற்கு இதுவே காரணம்.

"வெப்ப அலைன்னு அறிவிக்கலையே" என்று சிலர் வாதாடுகிறார்கள். கடலோரப் பகுதிக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் விதிப்படி வெப்பநிலை 37 டிகிரியைத் தாண்டினால் மட்டும் போதாது, இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்கவும் வேண்டும். மே மாதத்தில் இங்கே இயல்பே 37, 38 டிகிரி. அப்படியென்றால் 42-ஐ நெருங்கினால்தான் அறிவிப்பு வரும். உங்கள் உடம்பு அதுவரை காத்திருக்காது. 38 டிகிரியோடு காற்றில் 50 சதவீத ஈரப்பதம் சேர்ந்தாலே உடல் உணர்வது ஏறக்குறைய 48. வியர்வை ஊற்றும், ஆனால் காயாது. காயாத வியர்வையால் உடம்பு குளிராது. மாலை மழை இந்த ஈரப்பதத்தை இன்னும் ஏற்றிவிட்டு, போகும்போது மின்சாரத்தையும் கொண்டுபோய்விடுகிறது. தகர ஷீட் வீட்டில் அந்த இரவைக் கழிக்கும் எழுபது வயதுப் பாட்டிக்குப் பகலைவிட இரவே ஆபத்து.

கத்திரியோடு போய்விடாது

கத்திரி முடியும் மே 28-ஐத் தாண்டியதும் எல்லோருக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003-ல், மே மாதத்தின் கடைசி நாட்களில். 2023-ல் கத்திரி முடிந்த பிறகும் வெயில் விடாததால் பள்ளி திறப்பை ஜூன் 1-லிருந்து 7-க்கும், பிறகு 12-க்கும் தள்ளிவைத்தார்கள். அதே ஜூன் 19-ம் தேதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில் கனமழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை! மெரினாவில் விமானப்படை சாகசம் பார்க்கப் போனவர்களில் 5 பேர் இறந்தது 2024 அக்டோபர் 6-ம் தேதி. அக்டோபரில் யார் குடை எடுத்துப் போவார்கள்?

அந்த மாதமே தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அந்தப் பணத்தை யாரும் வாங்கும் நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவை

சட்டைப் பையில் வெங்காயம். எத்தனை வெங்காயத்தை வெளியே எடுத்துப் போட்டிருப்பேனோ! அது வெப்பத்தை உறிஞ்சாது. சாம்பாரில் போடுங்கள்.

மயங்கியவர் வாயில் சோடா, இளநீர், மோர். நினைவில்லாதவரால் விழுங்க முடியாது. ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். வெயிலோடு நிமோனியாவையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

உடம்பு அதிகம் சூடேறினால் வலிப்பு வரலாம். வந்ததும் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். வலிப்பு தானாக நிற்கும்போது சாவிக்குப் பெயர் கிடைக்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றியிருந்தால் மூளை தப்பித்திருக்கும்.

என்னை அதிகம் கோபப்படுத்துவது அந்த 'ஒரு செட்' மாத்திரை. பாராசிட்டமால் கிருமிக் காய்ச்சலைக் குறைக்கும். வெயிலில் ஏறிய சூட்டைக் குறைக்காது, ஏற்கெனவே தவிக்கும் கல்லீரலுக்குக் கூடுதல் சுமையாகும். செட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை இன்னும் மோசம். நீர் வற்றிய உடம்பில் அது நேரே சிறுநீரகத்தைத்தான் பிடிக்கும். உடம்பு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்கியவர் மூன்றாம் நாள் சிறுநீர் வரவில்லை என்று வருகிறார். கடைக்காரரைக் கேட்டது போதும், தயவுசெய்து.

"ஒரு ட்ரிப்ஸ் ஏத்துங்க டாக்டர், சரியாப்போயிடும்." வாயால் குடிக்க முடிகிறவருக்கு ட்ரிப்ஸ் எதற்கு? உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) போதும். அதிலும் மருந்தகத்தில் விற்ற இனிப்பு பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பிக் குடித்தவர்கள் பலர். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடியதன் பலனாக, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப்பட்ட பானங்களில் போடத் தடை விதித்தது. பாக்கெட் பொடியைப் பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் என்றிருப்பதே சரியான அளவு. சர்க்கரை நோயாளிகளும் நீர் வற்றியிருந்தால் அதைக் குடிக்கலாம்.

"வியர்க்குதே, அப்ப ஹீட் ஸ்ட்ரோக் இல்லை" என்பதும் தவறு. பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே விழுகிறவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டுதான் இருக்கும். பேச்சு குழறுகிறதா, ஆளை அடையாளம் தெரியவில்லையா, காரணமில்லாமல் கத்துகிறாரா என்று பாருங்கள்.

நீர்க்கடுப்புக்குக் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வரும் பெண்களை நான் திட்டுவதில்லை. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காதவர்கள் அவர்கள். திட்டு வாங்க வேண்டியவர் முதலாளி.

இடிக்கும் நேரத்தில்

வானம் உறுமியதும் மொட்டை மாடிக்கு ஓடுகிறோம், வடகத்தையும் துணியையும் எடுக்க. 'அர்ஜுனா அர்ஜுனா' என்று சொல்லிக்கொண்டே ஓடினாலும் மின்னலுக்குக் காது கிடையாது. வடகம் நனைந்தால் மறுபடி பிழியலாம். மழை தொடங்காத இடத்திலும், மேகத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள். மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு மரம் புகலிடம் இல்லை.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பது கொடுமை. அவர் உடம்பில் மின்சாரம் தங்காது. மூச்சில்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியும் மூச்சு திரும்பாததால் போகும் உயிர்கள் உண்டு. அறுந்து கிடக்கும் மின்கம்பி வேறு விஷயம். அதன் பக்கமே போகாமல் மின்வாரியத்தின் மின்னகத்தை 94987 94987-ல் கூப்பிடுங்கள்.

முதல் அரை மணி நேரம்

வெயிலில் விழுந்தவரை முதலில் குளிர்வியுங்கள், பிறகு கிளம்புங்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வருவதற்குள் நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் பக்கவாதம் வரும் என்ற வாட்ஸ்அப் கதையைச் சொல்லிக் கையைப் பிடிப்பவரைத் தள்ளி நிறுத்துங்கள். உடல் சூடு 40 டிகிரிக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளையும் ஈரலும் வேகின்றன.

இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி. ஆகியவற்றை மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

பி.பி.க்கு நீர் மாத்திரை, மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் கோடைக்கு முன் ஒருமுறை உங்கள் மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். தனியாக இருக்கும் பெரியவர் வீட்டுக் கதவை மதியமும், மழை விட்ட இரவும் ஒருமுறை தட்டுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறை முதலாளிகளே, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் புதிதாக வந்த பையனை முதல் நாளே கூரைமேல் ஏற்றாதீர்கள். உடம்பு இந்த வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதுவரை பாதி வேலை கொடுங்கள். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளிவேலை வேண்டாம். பெண்களுக்குத் தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை கட்டுங்கள். அந்தத் தகரக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு ஒரு கோட்டிங் அடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இந்த ஞாயிறே அடித்துவிடுங்களேன்.