பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகிறவர்களுக்கு: வயல்வெளி நடையும் ஒரு நாள் ஆக்ஸ்போர்டும்

மகனோ மகளோ இங்கிலாந்தில் வேலையில் இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க விசிட்டர் விசாவில் போகிறீர்கள். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 6 மாதம் தங்கலாம். முதல் வாரம் தூக்கம் மாறிக் கிடப்பதிலேயே போய்விடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். காலை எட்டரைக்கெல்லாம் வீடு காலியாகிவிடும். உங்களுக்கு அங்கே கார் ஓட்ட வராது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஹலோவோடு நிறுத்திக்கொள்வார். நிறையப் பேர் யூடியூபில் சீரியலைப் போட்டுக்கொண்டு சோபாவிலேயே ஆறு மாதத்தையும் ஓட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். சிறு ஊரிலோ நகரத்தின் விளிம்பிலோ வீடு இருந்தால், அப்படி அடைந்து கிடக்க வேண்டியதே இல்லை.

வீட்டிலிருந்து ஐந்து பத்து நிமிடம் நடந்தால், சாலையோரத்தில் கைகாட்டி போல ஒரு கம்பம் நிற்கும். அதில் ‘பப்ளிக் ஃபுட்பாத்’ என்று எழுதியிருக்கும். அது காட்டும் திசையில் பார்த்தால் யாரோ ஒருவருடைய கோதுமை வயலோ மாட்டு மேய்ச்சல் நிலமோதான் தெரியும். நம்மவர்கள் தயங்கி நிற்பது அங்கேதான். அடுத்தவர் பட்டாவில் கால் வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். நிலம் அவருடையது, ஆனால் அதன் குறுக்கே போகும் அந்த ஒற்றையடிப் பாதையில் நடக்கும் உரிமை ஊருக்கே பொது. அவர் இஷ்டத்துக்கு மூடவும் முடியாது, திருப்பிவிடவும் முடியாது. பயிர் வைத்திருந்தாலும் பாதையின் அகலத்துக்கு இடம் விட்டாக வேண்டும்.

இந்த உரிமை அரசு போட்ட திட்டம் எதிலிருந்தும் வந்ததல்ல. சந்தைக்கும் சர்ச்சுக்கும் ஆலைக்கும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த வழிகள் இவை. பொதுமக்கள் 20 ஆண்டு தடையில்லாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நடந்திருந்தால், அதைப் பொதுவழி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1949-ல் வந்த சட்டம் இப்படிப்பட்ட வழிகளையெல்லாம் வரைபடத்தில் பதிந்துவைக்கச் சொல்லி, உள்ளூர் கவுன்சில்களிடம் பொறுப்பைக் கொடுத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து அப்படிப் பதிவானவை சுமார் 2,25,000 கிலோமீட்டர். மேட்டுநிலங்களில் பாதையை விட்டு விலகி நடக்கும் உரிமைக்குத்தான் சண்டை போட வேண்டியிருந்தது. 1932-ல் கிண்டர் ஸ்கவுட் என்ற மலையில் தொழிலாளர் கூட்டம் ஒன்று அத்துமீறி ஏறியது. ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அந்த உரிமை 2000-ல்தான் சட்டமானது.

நடக்கும்போது அம்புக்குறிகளைக் கவனியுங்கள். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும்கூட வரலாம். வேலி வரும் இடத்தில் ஏறி இறங்க இரண்டு பலகை வைத்த மரப்படி இருக்கும். இதை ஸ்டைல் என்பார்கள். இல்லாவிட்டால், ஆள் மட்டும் ஒருக்களித்து நுழைகிற மாதிரி வளைந்த தடுப்புக்குள் ஆடும் சிறு கதவு இருக்கும். மாட்டால் அதில் திரும்ப முடியாது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஸ்டைல் நிறைந்த பாதையைத் தவிர்ப்பது நல்லது. சேலை கட்டி ஸ்டைல் ஏறுவது நடக்காத காரியம். அம்மாக்கள் சுடிதாருக்கு மாறிவிடலாம். பெரிய கதவு எதையாவது திறந்தால், எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். கன்றோடு நிற்கும் பசுக்களிடமிருந்து நன்றாகத் தள்ளியே போங்கள். நம் ஊர் மாட்டைப் போலத் தட்டிக்கொடுத்துப் பழகிய கை அங்கே சும்மா இருக்கட்டும். வேலியோரத்தில் இடுப்புயரத்துக்கு, பல் பல்லான இலையோடு வளர்ந்திருக்கும் செடி நெட்டில். பட்டால் காஞ்சொறி மாதிரி சுணைக்கும். ஆகவே கோடையிலும் முழுக்கால் பேன்ட்தான்.

சேறு பிடிக்கிற செருப்பு உதவாது. கணுக்காலை மூடும் ஷூ ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேப் விஷயத்தில் கூகுளை நம்ப வேண்டாம், வயல் பாதைகள் பாதி அதில் இருக்காது. ஆர்டனன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் வரிசை மேப் ஆரஞ்சு அட்டையோடு புத்தகக் கடைகளில் கிடைக்கும்; அவர்களுடைய ஆப்பும் உண்டு. அந்த மேப்பில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பச்சைப் புள்ளிக்கோடுகள்தான் நடக்கலாம் என்ற வழிகள். ஜூனில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். போவதானால் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். கிராமத்து பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடாமலே போகலாம், முந்தின நாளே பார்த்துவைப்பது நல்லது. டிராவல் இன்ஷூரன்ஸ் இல்லாமல் கிளம்பவே கூடாது: எமர்ஜென்சி பிரிவில் பார்ப்பதற்குக் காசு இல்லை, ஆனால் அட்மிட் ஆனால் விசிட்டருக்கு பில் வரும்.

ஒரு நாள் நகரம் போவதென்றால் எல்லோரும் லண்டன் என்பார்கள். லண்டனைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு என் சிபாரிசு ஆக்ஸ்போர்டு. லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 60 வயது ஆனவர்கள் சீனியர் ரயில்கார்டு எடுத்தால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். அங்கே குடியிருப்பவராக இருக்க வேண்டியதில்லை, வயதுக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். வார நாள் காலை நெரிசல் நேரத்தில் லண்டன் வட்டாரத்தில் மட்டும் இந்தச் சலுகை செல்லாது.

ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் அஷ்மோலியன் மியூசியம். 1683-ல் திறந்தது, அனுமதி இலவசம். கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோவில் திருமங்கையாழ்வார் செம்பு விக்கிரகம் வந்து சேர்ந்த இடம் இதுதான். 1967-ல் லண்டனில் ஏலத்தில் வாங்கியிருக்கிறார்கள். 1957-ல் அதே விக்கிரகம் கோவிலில் இருந்தபோது எடுத்த போட்டோ புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் அகப்பட்டது. திருப்பித் தர 2024-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.

அங்கிருந்து வால்டன் தெருவில் வடக்கே நடந்தால், இடப்பக்கம் செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டம் வரும். 1848-ல் திறந்த அதில் ஜி.யு.போப் அடக்கமாகியிருக்கிறார். 1839-ல் தமிழ்நாடு வந்து, சாயர்புரத்தில் பள்ளி நடத்தி, கடைசியில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். 1886-ல் குறளையும் 1900-ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார், 1908-ல் காலமானார். ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று கல்லறையில் பொறித்திருப்பதாக மேடைக்கு மேடை சொல்லக் கேட்டிருப்போம். போய்ப் பார்த்தால் அப்படி ஒரு வரி கிடையாது. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு எழுப்பிய கல் என்றுதான் அதில் இருக்கிறது. கற்பனை வரியைவிட இந்த நிஜம் எனக்கு உசத்தியாகப் படுகிறது. தோட்டத்தைச் சாயங்காலம் பூட்டிவிடுவார்கள், பகலிலேயே போய்விடுங்கள்.

வால்டன் தெரு முடியும் இடத்தில் மேற்கே திரும்பி, கால்வாயையும் ரயில் பாதையையும் பாலத்தில் கடந்தால் போர்ட் மெடோ. குதிரையும் மாடும் அவிழ்த்துவிட்டு மேயும் பெரிய பொது மேய்ச்சல்வெளி. ஏர் பட்டதே இல்லாத மண் என்பார்கள். நடைபாலத்தில் தேம்ஸ் நதியின் மறுகரைக்குப் போய் ஆற்றோடு வடக்கே நடந்தால், ஒரு மணி நேரத்துக்குள் காட்ஸ்டோ. இடிந்த கன்னிமாடச் சுவர்கள் நிற்கும். 1862 ஜூலையில் லூயிஸ் கரோல் மூன்று சிறுமிகளைப் படகில் இங்கே கூட்டிவரும் வழியில்தான் ஆலிஸ் கதையை முதலில் சொன்னார். பக்கத்திலேயே ஆற்றங்கரை பப் ஒன்று உண்டு. பப் என்றதும் மிரள வேண்டாம், குடும்பமாகச் சாப்பிட வருகிறவர்களே அதிகம். பெரும்பாலான பப்களில் மேசைக்கு ஆள் வருவார் என்று காத்திருக்கக் கூடாது, கவுன்டரில் போய் ஆர்டர் சொல்ல வேண்டும். சைவம் எது என்பது மெனுவிலேயே குறித்திருக்கும். மழைக்காலத்தில் இந்தப் புல்வெளி பாதி ஏரியாகிவிடும். அப்போது ஆற்றங்கரை நடையை விட்டுவிட்டு மியூசியத்தில் இன்னும் இரண்டு மணி நேரம் இருங்கள்.